தாய்க்கூறு

நெருப்புத் தின்ற உடல் சாட்சி சொல்லாது என்பது தடயவியல் மருத்துவம் தோன்றிய நாள்தொட்டு எவரும் ஐயுறாத உண்மை. மண்ணில் இட்ட உடலைத் தோண்டி எடுக்கலாம். நீரில் மூழ்கிய உடல் தானே மேலெழும். ஆற்றோடு போன சாம்பலிடம் எதையும் கேட்க இயலாது. அந்த உண்மையை அசைத்தது ஒரு சிறு வினா. இறந்தவள் ஒரு தாயாயின், அவள் முழுவதும் எரிந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

கருவுற்ற காலத்தில் தாயின் உயிரணுக்களிற் சில கொடிவழியே சேயின் உடலுக்குள் குடியேறுகின்றன. பிள்ளை வளர்ந்து நரைத்து முதிரும் வரையிலும் அவை அங்கே உயிரோடு தங்குகின்றன. இது முன்பே தெரிந்த செய்தி. புதிதாய்த் தெரிந்தது வேறொன்று. ஒவ்வோர் உயிரணுவும் தாயின் குருதியை விட்டு நீங்கிய கணத்தில் அக்குருதியில் என்ன கலந்திருந்ததோ அதன் வடுவைத் தன் உட்கருவில் சுமந்திருக்கிறது. அவ்வடுவைப் படிக்கும் வழியைக் கண்டவர் பொருநை ஆற்றங்கரையில் இருந்த ஆய்வகமொன்றின் மருத்துவர் அங்கயற்கண்ணி. எரிந்துபோன தாயை, உயிரோடிருக்கும் பிள்ளைக்குள் தேடிக் கண்டு செய்யும் அந்த ஆய்வுக்குத் தாய்க்கூறாய்வு என்று அவர் பெயரிட்டார்.

பிறர் தட்டிக்கழிக்கும் உடல்களையே அவர் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். பேறுகாலத்தில் மாண்ட பெண்கள் அவரிடம் வந்தனர். செங்கீரை ஆடுதற்கும், சப்பாணி கொட்டுதற்கும், நிலவை வாவென்று அழைத்தற்கும் பருவம் வாயாமற் போன பிள்ளைகள் வந்தன. அப்பிள்ளைகளைக் குளிர்ந்த எஃகின்மேல் கிடத்த அவர் ஒருபோதும் ஒப்பியதில்லை. வெள்ளைத் துணியை நாலாக மடித்து விரித்து, தம் கைகளை ஒன்றோடொன்று தேய்த்து வெதுவெதுப்பாக்கிய பின்னரே தொடுவார். தொடுமுன் உதடு அசையும். அது பதிகமா, தாலாட்டா என்று அருகில் நின்றவர்க்கும் தெரிந்ததில்லை.

நுரையீரல் துண்டை நீரிலிட்டு, மிதந்தால் உயிரோடு பிறந்தது, மூழ்கினால் செத்துப் பிறந்தது என்று தீர்ப்புரைக்கும் பழைய சோதனையை மட்டும் நம்பி எந்தத் தாயையும் அவர் கூண்டில் ஏற்றியதில்லை. "வாயில ஊதி எழுப்பப் பார்த்திருந்தாலும் மிதக்கும், அழுக ஆரம்பிச்சாலும் மிதக்கும். அதை வச்சா ஒரு பொம்பளையைத் தூக்குல போடச் சொல்றீங்க?" என்று வழக்கறிஞர்களைக் கேட்பார். முதலில் ஊடுகதிர்ப் படம், அடுத்து நஞ்சுக்கொடி, அதன் பின்பே கத்தி. நஞ்சுக்கொடியைக் குப்பையில் எறிந்துவிட்டு வரும் மருத்துவமனைகளோடு அவர் போடும் சண்டை பெயர்பெற்றது. "ஒன்பது மாசக் கதையையும் வாளியில கொட்டிட்டு வந்து, கடைசிப் பக்கத்தை மட்டும் என்கிட்ட நீட்டுறீங்க!"

அவரிடந்தான் ஞானப்பூவின் வழக்கு வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் தனியார் மகப்பேறு மனையில் உலகம்மை என்ற பெண் ஒரு மகளைப் பெற்றாள். பெற்ற சற்று நேரத்தில் மூச்சிரைத்து இறந்தாள். பேற்றுக்குப் பின் கருப்பை சுருங்குவதற்காக எல்லார்க்கும் போடும் ஊசியை அவளுக்குப் போட்டவர் செவிலியர் ஞானப்பூ. உடலை ஆய்வுக்கு அனுப்ப உலகம்மையின் அண்ணன் சொரிமுத்து இடந்தரவில்லை. பிள்ளை பெற்ற உடம்பைக் கீற விடமாட்டேன் என்று வழிமறித்து நின்று, அன்று மாலையே தீ மூட்டினார். தீ அடங்கிய பின்னர், செவிலி மருந்தை மாற்றிப் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று புகார் கொடுத்தார். மனையை நடத்தியவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முழுப்பழியையும் ஞானப்பூவின்மேல் சாத்தினர். அவர் சிறை சென்றார். செவிலியர் பதிவை இழந்தார். வெளிவந்தபின் ஒரு மாணவியர் விடுதியில் பாத்திரம் துலக்கினார். தாய்க்கூறாய்வைப் பற்றிச் செய்தியில் கேட்டதும் தம் தீர்ப்பை மறுபடி ஆராயுமாறு நீதிமன்றத்தை வேண்டினார். இறந்தவளின் மகள் இசைந்தால் ஆய்வு நடக்கலாம், அதன் முடிவைக் கொண்டே வழக்கை முடிப்போம் என்றது நீதிமன்றம்.

மகளின் பெயர் குழல்வாய்மொழி; குழலி என்று அழைப்பர். தந்தை மறுமணம் செய்துகொண்டு வடக்கே போய்விட, அவளை வளர்த்தவர் மாமன் சொரிமுத்து. வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவர் அவளுக்காகவே திருமணம் செய்துகொள்ளாமல் இருந்தவர். ஆய்வகத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தனர்.

"இந்தா பாருங்க டாக்டரம்மா," என்று நாற்காலியில் அமராமலேயே தொடங்கினார் சொரிமுத்து. "என் தங்கச்சிக்கு நான்தான் கொள்ளி வச்சேன். எலும்பைப் பொறுக்கி ஆத்துல விட்டதும் நான்தான். இப்பப் போயி அவ சாட்சி சொல்லுவாங்கிதிய. என்ன வெளையாட்டா இருக்கா?"

"மாமா, உக்காருங்க. அவங்க பேசட்டும்."

"நீ சும்மா இரி ஏட்டி. கையெழுத்துன்னு எதையும் நீட்டினா போட்டுராத."

"நீங்க பட்டறைக்குக் கடன் வாங்கையில நான் போட்ட கையெழுத்து மட்டும் செல்லுமாக்கும்?"

அங்கயற்கண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழலியின் பக்கம் திரும்பினார். "அம்மாவைப் பாக்கணுமா?"

அவள் எழுந்தாள். தேடுகருவியின் வளையத்துக்குள் படுத்தாள். பக்கத்துத் திரையில் அவள் உடல் கருநிற வானம்போல் விரிந்தது. அதில் ஒவ்வொன்றாக ஒளிப்புள்ளிகள் தோன்றின: ஈரலில் சில, இதயத்தின் நடுச்சுவரில் சில, இடுப்பெலும்பின் உள்ளீடான மச்சையில் ஒரு சிறு கூட்டம். மண்டையோட்டின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளி தனியே மின்னியது. தன் பிள்ளை எங்கெங்கு இருக்குமோ என்று வீடெல்லாம் தேடிவந்த ஒருத்தி, ஒவ்வோர் அறையிலும் ஒரு விளக்கை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது அக்காட்சி. எத்தனையோ உடல்களை அறிந்த அங்கயற்கண்ணிக்கும் கை தானே குவிந்தது.

"இதெல்லாம் அம்மாவா?"

"அம்மாவோட கொஞ்சம். உயிரோட இருக்கிற கொஞ்சம்."

"அந்தத் தனியா இருக்கிறது?"

"இடது காதுக்குப் பின்னால."

குழலியின் விரல் தானே அவ்விடத்தைத் தேடிச் சென்றது. சொரிமுத்து திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நமக்கு வேண்டியது இடுப்பெலும்பில் இருக்கிற கூட்டம்," என்றார் மருத்துவர். "நீ பிறந்து, கொடியை வெட்டுறதுக்கு முன்னால இருந்த கொஞ்ச நேரத்துல உனக்குள்ள வந்தது. ஊசி போட்டது கொடியை வெட்டின பிறகு. அதை ரெண்டு தரப்பும் ஒத்துக்கிறாங்க. அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கொடியை வெட்டுறதுக்கு முன்னாலேயே உங்க அம்மாவோட ரத்தத்தில் ஆபத்து தொடங்கியிருந்ததா, இல்லையா? தொடங்கியிருந்தா, ஊசி மேல பழி இல்லை. ரத்தம் தெளிவா இருந்திருந்தா, பழி அந்தம்மா மேல நிற்கும்."

"சரி."

"இன்னும் இருக்கு, கேளு. படிச்சா அந்த உயிரணுக்கள் அழிஞ்சிரும். ஒரு தடவைதான் படிக்கலாம். மத்தது எல்லாம் உனக்குள்ளேயே இருக்கும். ஆனா அம்மாகிட்டயிருந்து கடைசியா வந்தது இருக்காது. அப்புறம், வர்ற முடிவு நீ விரும்புற முடிவா இருக்கும்னு நான் வாக்குத் தர முடியாது. முடிவை நீதிமன்றத்துக்கும் முன்னால உனக்குத்தான் சொல்லுவேன். அதுதான் முறை."

"பாத்தியா?" என்றார் சொரிமுத்து. "இருக்கிற கொஞ்சத்தையும் கொன்னு படிக்கப் போறாவளாம். அந்த நர்சு கொன்னது பத்தாதாக்கும்!"

குழலி மாமனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் கேட்டாள்: "அந்த நர்ஸம்மா இப்ப என்ன செய்றாங்க?"

"விடுதியில பாத்திரம் கழுவுறாங்க."

அவள் காதுக்குப் பின்னிருந்த விரலை எடுத்தாள். "எடுத்துக்கிடுங்க டாக்டர்."

மச்சையிலிருந்து துளி எடுக்கும்போது அவள் அழவில்லை. சொரிமுத்துதான் வெளியே போய் நின்றுகொண்டார்.

படிப்பு முடிய ஒரு கிழமை ஆயிற்று. உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியே அமர்ந்து அங்கயற்கண்ணி அதைச் செய்தார். அச்சிற்றணுக்களின் உட்கருவில் அவர் கண்டது ஒரு புயலின் வடு. ஒரு துறைமுகத்தில் பேரலை எழுந்த வேளையில், கடைசித் தோணியில் ஏறிக் கரை சேர்ந்தவர்களின் ஆடையில் அலையின் உப்பு படிந்திருப்பதுபோல் அந்தத் தாயணுக்களில் அவ்வடு படிந்திருந்தது. ஊசி மருந்தின் சுவடு எள்ளளவும் இல்லை. பனிக்குட நீரின் சுவடு இருந்தது. சேய் மிதந்திருந்த நீரிற் சிறிது தாயின் குருதியில் கலந்து, அவள் உடல் அதைப் பகையென்று மருண்டு, மூச்சையும் நெஞ்சையும் ஒருசேர நிறுத்திவிட்டது. அரிதினும் அரிதாக நேர்வது. எவராலும் முன்னறிய இயலாதது. பலமுறை உடற்கூறாய்வு ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஞானப்பூ குற்றமற்றவர். அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விடையை எழுதும்போது மருத்துவரின் கை ஓரிடத்தில் நின்றது. நீர் எங்கிருந்து வந்தது என்று குழலி கேட்பாள்.

முடிவு கேட்க அழைத்த நாளில் சொரிமுத்து முதலில் உள்ளே வந்தார். குழலி வண்டியை நிறுத்த இடந்தேடிக்கொண்டிருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தண்ணியா?"

அங்கயற்கண்ணி திடுக்கிட்டார். "என்ன சொன்னீங்க?"

"பனிக்குடத் தண்ணியான்னு கேக்குதேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே அந்த ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்னையத் தனியா கூப்பிட்டுச் சொன்னாவ. 'பிள்ளையோட தண்ணி தாய் ரத்தத்துல கலந்திருக்கலாம், அறுத்துப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்'னு. கையில பச்சைப் பிள்ளை. வெளிய ஊரே நிக்குது. எங்க ஊரு உங்களுக்குத் தெரியாது டாக்டரம்மா. பொறக்கையில ஆத்தா செத்துட்டா, அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிருவானுவ. ஆத்தாளை முழுங்குனவன்னு. நல்லது பொல்லதுக்குக் கூப்பிட மாட்டான், கட்டிக்கிட ஒருத்தன் வர மாட்டான். இதுல பிள்ளையோட தண்ணிதான் கொன்னுச்சுன்னு டாக்டரே எழுதிக் குடுத்தா? அது அழியுமா?"

"அதனால நர்ஸ் மேல போட்டீங்க."

"யார் மேலயாவது போடணும்லா? யாருமே கொல்லலன்னா பிள்ளைதான் கொன்னதுன்னு ஆகும்."

"ஒரு மனுஷி சிறைக்குப் போனாங்க."

"போனா. தெரியும். அந்த நர்சு சாபம் என் தலையில இருக்கட்டும். நான் கல்யாணம் காச்சின்னு எதுவும் பண்ணிக்கிடல, பாத்தியளா? எனக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டும். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்." கைகூப்பினார். தீப்பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கைகள். "மருந்துதான்னு எழுதுங்க. இல்லன்னா ஒண்ணும் தெரியலன்னாவது எழுதிருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

அங்கயற்கண்ணி நெடுநேரம் அக்கைகளையே பார்த்தார். ஒருத்தியைக் காக்கும் பொருட்டு மற்றொருத்தியை விழுங்கிய அன்பு அது. அதன் உரத்தை வியக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அதற்கு உடன்படவும் முடியவில்லை.

"அண்ணாச்சி, என்கிட்ட வர்ற பிள்ளைகள் யாருக்கும் வாய் இல்லை. நான் பொய் சொன்னாலும் ஒண்ணும் கேக்காது. அதனாலதான் நான் இதுவரைக்கும் சொன்னதில்லை."

கதவு திறந்தது. குழலி வியர்வையைத் துடைத்தவாறே வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா, மொகம் இப்படி இருக்கு? சண்டை போட்டியளா?"

மருத்துவர் அவளை அருகில் அமர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கூறினார். ஊசியில் பிழையில்லை என்றார். நீரைப் பற்றியும் கூறினார். சொரிமுத்து சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப, நான் இருந்த தண்ணி," என்றாள் குழலி.

"நீயும் அம்மாவும் சேர்ந்து ஆக்கின தண்ணி. அதுலதான் நீ மிதந்தே, அதைக் குடிச்சுத்தான் விழுங்கப் பழகினே. அது யாரையும் கொல்ல வந்ததில்லை. அவங்க உடம்பு அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது. ஆயிரமாயிரம் பேறுல ஒண்ணுல அப்படி ஆகும். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

குழலி தலையசைத்தாள். அவள் முகத்தில் இடி விழுந்த கோலம் எதுவும் இல்லாததைக் கண்டு மருத்துவருக்கே வியப்பாயிற்று.

"மாமா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இதுக்குத்தான் அம்மாவை அறுக்க விடலையா? எனக்கு அந்தப் பேரு வந்துரக் கூடாதுன்னு?"

அவர் தலை மெல்ல அசைந்தது.

"ஒண்ணாங்கிளாஸ்லேயே வந்துருச்சு மாமா அந்தப் பேரு. கயிறு தாண்டி விளையாடும்போது பாட்டாவே பாடுவாளுக. நர்சுதான் கொன்னான்னு கேசு முடிஞ்ச பிறகும் பாடுனாளுக. ஊருக்குக் கேசெல்லாம் ஒரு கணக்கா? உங்ககிட்டச் சொன்னா பட்டறைச் சுத்தியலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருவியன்னு சொல்லல."

சொரிமுத்து தரையில் அமர்ந்துவிட்டார். எந்தச் சொல் அவள் செவியில் விழாதிருக்க இன்னொருத்தியின் இருபது ஆண்டுகளைக் கொடுத்தாரோ, அந்தச் சொல் அவள் செவியில் விளையாட்டுப் பருவத்திலேயே விழுந்திருந்தது. கொடுத்தது வீணாய்ப் போயிற்று. கொடுக்கப்பட்டதோ அவருடையதன்று.

"கோர்ட்டுல இதை எல்லாரும் கேட்க வாசிப்பாங்களா டாக்டர்?" என்றாள் குழலி.

"நீ வேண்டாம்னு சொன்னா நீதிபதியோட அறையில, மூடின கதவுக்குள்ள சொல்லலாம். தீர்ப்பு மாறாது."

"எல்லாருக்கும் கேக்கட்டும். அந்த நர்ஸம்மாவை எல்லாருக்கும் கேக்கத்தானே கொலைகாரின்னு சொன்னது?"

அவ்வாறே சொல்லப்பட்டது. அங்கயற்கண்ணி சாட்சிக் கூண்டில் ஏறி, கலைச்சொல் எதையும் வீசாமல், கடைசி வரிசையில் அமர்ந்தவர்க்கும் விளங்கும்படி கூறினார். அரசு வழக்கறிஞர் எழுந்து, அந்தக் கடைசி உயிரணுக்கள் பிள்ளைக்குள் அவ்வளவு மிகுதியாய் வந்தது எப்படி என்று வினவினார். கொடியை உடனே வெட்டாமல், துடிப்பு அடங்கும் வரை விட்டதால் வந்தன என்றார் மருத்துவர். உடனே வெட்டாத கை எவருடையது என்று நீதிபதி கேட்டார். எல்லாரும் ஞானப்பூவைப் பார்த்தனர். அவரோ முகத்தில் எந்த மாறுதலும் இன்றி, தம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. பதிவைத் திருப்பித் தரவும் ஆணை பிறந்தது. அறுபது கடந்தவர்க்கு அதனால் ஆவதென்ன என்று எவரும் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மர பெஞ்சு. ஞானப்பூ அதில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொரிமுத்து போய் நின்றார். அவர் வாய் திறக்குமுன் ஞானப்பூ கையை உயர்த்தினார்.

"வேணாம் அண்ணாச்சி. மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சுராதிய. அதைக் கேக்க எனக்கு இன்னைக்குத் தெம்பில்ல. இன்னொரு நாள் திட்டணும்னு தோணுச்சுன்னா நானே உங்க பட்டறைக்கு வாரேன்."

சொரிமுத்து தலைகுனிந்து விலகினார். குழலி முன்னே வந்தாள். அவளைக் கண்டதும் ஞானப்பூவின் முகம் முதன்முறையாகக் கலங்கியது. மருத்துவர் சற்று எட்டவே நின்றுகொண்டார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு பிள்ள."

"எங்கம்மா என்னைப் பாத்தாங்களா?"

தாயின் உயிரணுவை எண்ணி, அதன் வடுவைப் படித்து, அவள் குருதியில் எழுந்த புயலையும் அளந்து சொன்ன கருவியால் இவ்வினாவுக்கு விடை கூற இயலாது என்பதை அங்கயற்கண்ணி அப்போது உணர்ந்தார். உலகில் ஒருவருக்கே அந்த விடை தெரியும். அந்த ஒருவரைத்தான் இப்பெண் பகையென்று கற்று வளர்ந்தாள்.

"பாக்காமயா?" என்றார் ஞானப்பூ. "கொடியோடயே தூக்கி நெஞ்சுல போட்டேன். ரெண்டு கையாலயும் உன்னைப் பிடிச்சுக்கிட்டு, தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்தாவ. பாத்துட்டுச் சிரிச்சாவ. 'ஐயோ சிஸ்டர், மூக்கைப் பாருங்க! அப்படியே எங்கண்ணன் மூக்கு. இந்த மூக்கை வச்சுக்கிட்டு இவளை எவன் தலையில கட்டப் போறேன்'னாவ."

குழலியிடமிருந்து சிரிப்பு வெடித்தது, சிரித்தபடியே அழுதாள். சற்றுத் தள்ளி நின்ற சொரிமுத்துவின் கை அவர் மூக்கின்மேல் போய் நின்றுவிட்டது.

"வேற? வேற என்ன சொன்னாங்க?"

ஞானப்பூ பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டார். "உக்காரு. நெறைய இருக்கு. வலி வந்ததுல இருந்து வாய் ஓயாம பேசிக்கிட்டேதான் கிடந்தாவ."

குழலி அமர்ந்தாள். பெஞ்சில் அதற்குமேல் இடமில்லை. சொரிமுத்து மெல்ல வந்து, அழைக்கப்படாதவராய், சொல் காதில் விழும் தொலைவில் மண்ணில் அமர்ந்தார். ஞானப்பூ அவரைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. குரலை மட்டும் சற்று உயர்த்திப் பேசத் தொடங்கினார்.